படிக்கட்டு உள்ள வீடு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பதில் இங்கே வந்து சேர்வதற்குள் அது பழைய செய்தியாகிவிடும். இருந்தாலும் கேட்கிறேன். இருமல் குறைந்ததா? சுரங்கத்துக்குள் முகத்தில் துணி கட்டிக்கொள்கிறாயா?

அண்ணன் அப்படியேதான் இருக்கிறான். காலையில் கண்ணைத் திறக்கிறான், பிறகு மூடித் தூங்குகிறான். நேரே போய் நின்றால் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறான். முதல்முறை கொட்டாவி விட்டபோது நான் கத்தி வார்டையே கூட்டிவிட்டேன். நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "கொட்டாவிக்கு மூளை வேணாம்மா. ஆபீசருங்க விடறதப் பாத்ததில்லையா?" என்றாள். சாரத்திலிருந்து அவன் விழுந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

கம்பெனியின் நலன் அதிகாரி வந்திருந்தார். யாருடைய நலன் என்று கேட்காதே. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு சொன்னார்: "இந்த வார்டு தேறுறவங்களுக்கு. உள்ள நினைவு இருக்குன்னு டாக்டருங்க எழுதிக் குடுத்தா கம்பெனி இங்கேயே வெச்சுப் பாக்கும். இல்லேன்னு எழுதிட்டா நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும். எங்க கையில ஒண்ணும் இல்லம்மா."

இங்கே கை காலை மடக்கி நீட்டிவிட ஆள் வருகிறார். சளியை உறிஞ்ச மெஷின் இருக்கிறது. புரட்டிப் போட ஆள் இருக்கிறது. வீட்டில் நான் இருக்கிறேன். நானும் பெரிய வீட்டில் துடைத்து முடித்துவிட்டு வந்தால்தான் இருப்பேன். வீட்டம்மா நல்லவள்தான், சீக்கிரம் போ என்கிறாள். ஆனால் "படிக்கட்ட மட்டும் முடிச்சுட்டுப் போ" என்கிறாள். அந்த மரக் கைப்பிடிக்குப் பாலிஷ் போட்டே என் விரல் ரேகை அழிந்துவிட்டது.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறாளாம். அண்ணன் மாதிரி கிடப்பவர்களுக்குத் தலையில் ஒரு தொப்பி மாட்டி, உள்ளே நினைவு இருக்கிறதா என்று பார்ப்பாளாம். வார்டில் அவளுக்கு இப்போதே தொப்பி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவன் உள்ளே இருக்கிறான் தம்பி. நான் பாலிஷ் வாடையோடு உள்ளே நுழைந்தால் அவன் மூச்சு மாறுகிறது. கதவு திறந்தாலே மாறும் என்கிறாள் நர்ஸம்மா. அவளுக்கு அவனைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாரத்தின் மேலே ஏறு.

உன் அக்கா

---

பிப்ரவரி 17

அக்கா,

உன் கடிதம் ரேஷன் லாரியில் உருளைக்கிழங்கு மூட்டைக்கு நடுவில் வந்தது. நலமாக இருக்கிறேன். இப்படி எழுதாவிட்டால் நீ தூங்கமாட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். இருமல் என்னோடுதான் படுத்து எழுந்திருக்கிறது.

நீ சொல் என்றாய், சொல்கிறேன். உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவனுக்கு உயிர் மிஞ்சியதே பெரிய கூத்து. கதவு திறந்தால் மூச்சு மாறுகிறது என்றால் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

பெல்ட்டை மாட்டு என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். இங்கேயும் பெல்ட்டெல்லாம் ஸ்டோரில் பூட்டித்தான் கிடக்கிறது. மேலிடத்திலிருந்து பார்வையிட வரும் நாளில் வெளியே எடுத்து, தூசு தட்டி, எங்கள் இடுப்பில் மாட்டிப் படம் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே வைப்பார்கள். அண்ணன் "பெல்ட் மாட்டாமல் ஏறியது என் தவறு" என்ற தாளில் அவனுக்குப் பதிலாக நாம் கையெழுத்துப் போட்டோமே, அதற்குக் கூலிதான் எனக்கு இந்த வேலை, அவனுக்கு அந்தக் கட்டில். அவன் நின்ற இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பெயரைக்கூட மாற்றவில்லை. ஒற்றைக் காலில் சாரக் குழாய் மேல் நிற்பான் என்று அவனைக் கொக்கு என்றார்கள். இங்கே நான் குட்டிக் கொக்கு.

போன் செய்யக்கூடாதா என்று நீ கேட்பாய். இந்த மலையில் கைப்பேசி வெறும் கடிகாரம். ஆபீசில் ஒரு போன் இருக்கிறது. வீட்டில் சாவு என்றால்தான் அதைத் தொடலாம். வெளியிலிருந்து வந்தாலும் அப்படித்தான், செத்தால்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதனால் போன் வராதவரை சந்தோஷமாக இரு.

தொப்பி டாக்டர் சொல்வதைக் கேட்டு எழுது. எதிர்பார்க்காதே.

தம்பி

---

மார்ச் 6

தம்பிக்கு,

இங்கே எல்லாருக்கும் சுகம், அண்ணனைச் சேர்க்காமல். உன் இருமலைத் திட்டி ஒரு வரி எழுதலாம் என்றால் நீ எனக்கு முன்பே திட்டிவிட்டாய்.

தொப்பி டாக்டர் வந்துவிட்டாள். நான் கண்ணாடி போட்ட கிழவி என்று நினைத்திருந்தேன். உன் வயதுதான் இருக்கும். வந்ததும் அண்ணனிடம்தான் முதலில் பேசினாள். "வணக்கம் சார், நான் இன்னைக்கு உங்ககூட கொஞ்ச நேரம் இருக்கப்போறேன்" என்றாள். அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. விழுந்து மூளை கலங்கிய பிறகுதான் கிடைத்தது.

எனக்கு விளக்கமாகச் சொன்னாள். "இவரைக் கையை அசைன்னு சொன்னா அசைக்க முடியாதும்மா. ஆனா உள்ள நினைவு இருந்தா, அசைக்கற மாதிரி நினைச்சுப் பாக்க முடியும். அப்படி நினைச்சா மூளையில ஒரு மாத்தம் தெரியும். அதத்தான் தொப்பி பிடிக்கும்." இரண்டு விஷயம் நினைக்கச் சொல்வாளாம். கையை வீசிப் பந்தடிப்பது ஒன்று. தன் வீட்டுக்குள் அறை அறையாக நடந்து போவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு "போதும், ஓய்வெடுங்க" என்று சொல்லியாக வேண்டும். ஏன் என்று கேட்டேன். "சொல்லலேன்னா அவர் பாட்டுக்குச் செஞ்சுக்கிட்டே இருப்பாரு. பாவம் இல்லையா? எங்களுக்கும் எது வேலை, எது ஓய்வுன்னு தெரியாம போயிடும்" என்றாள்.

பிறகு நோட்டைத் திறந்து, "அவர் வீட்டைப் பத்திச் சொல்லுங்க. எத்தனை அறை? எது எங்க இருக்கு? அவருக்கு நல்லாப் பழக்கமான வீடா இருக்கணும்" என்றாள். நலன் அதிகாரியும் பக்கத்திலேயே நின்றிருந்தார். பளபளவென்று ஷூ. எல்லாம் சொன்னேன். கவனமாக எழுதிக்கொண்டாள். இத்தனை நாளில் நம் வீட்டைப் பற்றி யாரும் அப்படி மரியாதையாகக் கேட்டதில்லை.

வரும் வியாழக்கிழமை சோதனை. எதிர்பார்க்காதே என்றாய். சரி, எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமைக்கு மட்டும் வீட்டம்மாவிடம் லீவு சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அக்கா

---

மார்ச் 15

தம்பி,

நான் நலம்.

சோதனை முடிந்தது. அவன் தலையில் கறுப்பாக ஒரு வலைத்தொப்பி, அதிலிருந்து கூந்தல் மாதிரி வயர்கள். காதில் குழாய். எனக்கும் ஒரு குழாயைக் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். அவள் குரல்தான். மெதுவாக, பாசமாக.

பந்தை அடியுங்கள் என்றாள். ஒன்றுமில்லை. பிறகு வீடு. முன்கதவைத் திறங்கள். ஹாலுக்குள் வாருங்கள். இடது பக்கம் சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போங்கள். படிக்கட்டில் ஏறுங்கள். மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாடியில் உங்கள் அறை. பால்கனிக் கதவைத் திறங்கள். போதும், ஓய்வெடுங்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். திரையில் கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாளும் செய்தாள். கடைசியில் என் கையைப் பிடித்து, "எங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. அதுக்காக உள்ள ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்லம்மா" என்றாள். நலன் அதிகாரி அதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

மாதக் கடைசிக்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.

நீ சொன்னதுதான் சரி. கதவு திறந்தது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 1

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

எந்த வீடு?

நம் வீட்டில் படிக்கட்டு எங்கே இருக்கிறது? கதவைத் திறந்தால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் துணித்திரை, அதற்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அவன் கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றும் எங்கே முறிந்தது? "பொண்ண எங்க குடிவைப்பீங்க?" என்று கேட்டு, அந்தத் திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்குப் பால்கனியா?

மரக் கைப்பிடி என்று படித்ததும் தெரிந்துவிட்டது. நீ பாலிஷ் போடுகிற வீட்டைச் சொல்லியிருக்கிறாய். அண்ணன் அந்த வீட்டின் பின்கேட்டைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. மழையில் உன்னைக் கூப்பிட வந்தவனுக்குக் கேட்டுக்கு வெளியேதான் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குள் அவன் எப்படி நடப்பான்? உள்ளே நினைவோடு கிடந்திருந்தால் என்ன நினைத்திருப்பான் தெரியுமா? பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பணக்காரனிடம் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பான். மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கிடந்திருப்பான்.

ஓடிப் போய் அந்த டாக்டரிடம் சொல். பந்தும் வேண்டாம், வீடும் வேண்டாம். அவனைச் சாரம் கட்டச் சொல். நான் எழுதுகிற வரிசையிலேயே சொல்லச் சொல். தரையில் அடித்தட்டு வை. குழாயைத் தூக்கி நிறுத்து. குறுக்குக் குழாய் போடு. கிளாம்ப் மாட்டு. ஸ்பேனரை இழு. பலகை போடு. ஏறி நில். கீழே பார்த்து 'ஏத்து'ன்னு குரல் கொடு. அடுத்த குழாய் வரும், பிடி. அவ்வளவுதான். இது அவன் தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை. கை முறுக்கிக்கொண்டு என் காதில் எத்தனை தடவை குத்தியிருக்கிறான்.

போன் கேட்டு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் நிமிரக்கூட இல்லை.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்ப எதுக்குப் போன்? லெட்டர் போடு."

போடுகிறேன். லாரி நாளைக்குப் போகிறது. சீக்கிரம், அக்கா.

தம்பி

---

ஏப்ரல் 22

அக்கா,

இதைப் படிக்கும்போது நீ நலமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

போன கடிதம் இன்னும் இங்கேயேதான் இருக்கிறது. மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. லாரி வரவில்லை. ஆபீஸ் மூலையில் கடிதச் சாக்கு சாய்ந்து கிடக்கிறது, அதன் மேல் கிளார்க் காலை நீட்டிக்கொண்டிருக்கிறான். மண்ணை அள்ள எங்களைத்தான் அனுப்புகிறார்கள். அள்ள அள்ளச் சரிகிறது.

படுத்துக் கிடக்கும்போது அந்தச் சோதனையை எனக்கே வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். முன்கதவைத் திற என்றேன், திறந்தேன். ஹால் என்றேன். ஹால் வந்தது, ஆனால் தரை போடாத ஹால், சிமெண்ட் மூட்டை அடுக்கிய ஹால். மாடியில் பால்கனி என்றேன். பால்கனி வெளியிலிருந்துதான் தெரிந்தது. சாரத்தின் மேல் நின்றுகொண்டு பார்க்கிற மாதிரி. வீட்டுக்குள்ளிருந்து பால்கனிக் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று எவ்வளவு முயன்றும் வரவில்லை. எத்தனை பால்கனி கட்டியிருக்கிறோம். ஒன்றில்கூட உள்ளேயிருந்து வந்து நின்றதில்லை. எல்லா வேலையும் முடிந்து ஜன்னலுக்குக் கண்ணாடி வந்ததும் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம்.

எனக்கும் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

உன் மேல் கோபம் குறையவில்லை. அந்தக் கேள்வியின் மேல்தான் அதிகக் கோபம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தம்பி

---

மே 3

அன்புள்ள தம்பி,

ஏன் எழுதவில்லை? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன் வராததால் உயிரோடு இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நீதானே அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாய்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டில் அறையை அடைத்துக்கொண்டது. திரையைக் கழற்றிவிட்டேன், இனி யாருக்கு மறைப்பு? அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான் படுக்கிறேன். மூக்குக் குழாயில் ஊற்றுகிறேன், துடைக்கிறேன், புரட்டுகிறேன். சளி உறிஞ்சும் மெஷினைப் பழையதாக வாங்கினேன், போட்டால் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுகிறாள். அவன் முதுகில் புண் வந்துவிட்டது. வார்டில் ஒரு சிவப்புகூட இருந்ததில்லை.

தொப்பி டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்முன் வந்து அண்ணனிடம் "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்கள் இப்போது அவன் காதுக்கு மேலேயே எல்லாம் பேசுகிறார்கள். "எத்தனை நாளைக்கு இழுக்கும்?" என்று அவனுக்கு நேரேயே கேட்கிறார்கள்.

நானும் ஒருநாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சோர்வில் வந்தது. என்ன வார்த்தை என்று எழுதமாட்டேன். பரவாயில்லை, அவனுக்குத்தான் கேட்காதே.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

---

ஜூன் 2

தம்பி,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. நீ நலம் என்று தெரிந்தது. என்னைப் பற்றிக் கேட்காதே.

எந்த வீடு என்று கேட்டாய். அவள் "எத்தனை அறை?" என்று கேட்டபோது பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஷூவும் பக்கத்தில் நின்றது. ஒன்று என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகாது. இவ்வளவுதானா இவர்கள், இவனுக்கு இந்தக் கட்டில் எதற்கு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அறை அதிகம் இருந்தால் அவனை நன்றாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பெரிய வீடு ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

மருத்துவமனைக்குப் போனேன். "ஒரு நோயாளிக்கு ஒரு தடவைதான். முடிவு எழுதியாச்சு" என்றார்கள். தொப்பி டாக்டரின் முகவரியை நர்ஸம்மா எடுத்துக் கொடுத்தாள். உன் சாரக் குறிப்பைப் படி எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். வீடு விஷயத்தையும் எழுதிவிட்டேன்.

மே மாதக் கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட அந்த வார்த்தையை நினைத்தால் இந்த அறைக்குள் நுழையவே காலெழவில்லை. ஆனால் வேறு அறை இல்லை.

அக்கா

---

ஜூன் 13

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அவனைப் புரட்டும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. குழாய் தூக்க அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

கடுமையாக எழுதிவிட்டேன். அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் ஒன்று என்று சொல்லியிருக்கமாட்டேன். மாடி ஏற்றியிருப்பேன், முன்னால் ஒரு காரையும் நிறுத்தியிருப்பேன்.

என்ன சொன்னாய் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம்.

லீவு கேட்டேன். "உங்க அண்ணனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதாமே. நீ போய் நின்னா மட்டும் தெரியப்போகுதா?" என்று கேட்டார்கள். அவர்கள் கையிலும் அந்த முடிவு இருக்கிறது. நாம் கொடுத்த வீட்டில் நடந்து எடுத்த முடிவு.

டாக்டர் வருவாளா?

தம்பி

---

ஜூலை 9

அக்கா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. எழுதிவிட்டேன், எடுத்துக்கொள்.

கிளார்க் சுரங்க வாய்க்கே வந்துவிட்டான். அவன் நாற்காலியை விட்டு எழுந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன். தோளில் கை வைத்து, "குட்டிக் கொக்கு, போன் வந்திருக்குப்பா" என்றான். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் வரைக்கும் நடந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று கேட்காதே. நீ அண்ணனிடம் சொன்னது என்ன வார்த்தை என்று நானும் கேட்கவில்லை, இல்லையா? அப்படியே இருக்கட்டும்.

போனை எடுத்தால் உன் குரல். "அவன் இருக்கான்டா! உள்ள இருக்கான்! சாரம் ஏறினான்டா!" நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியவில்லை. கிளார்க் எதிரில் தலை குனிந்து நிற்கிறான். நான் என்ன முகம் வைத்துக்கொள்வது? "சரிக்கா... சரிக்கா..." என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்குள் லைன் போய்விட்டது.

எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனை முன்பு தெரிந்த ஒருவர் அவன் ஒற்றைக் காலில் நிற்பதைச் சொல்லிக்கொண்டே அழுதார். உயிரோடு இருப்பவனுக்காக அழுதவரை நான் தேற்றினேன். சாவு லீவு தந்தார்கள். ரோடு இருக்கும் நிலையில் அந்த லீவு மலை இறங்கவே போதாது, அதனால் படுத்துக் கிடந்தேன். இங்கே கொக்கு செத்துவிட்டான். எனக்கு மட்டும் இருக்கிறான்.

இருக்கட்டும். எல்லாவற்றையும் எழுது. வார்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்களா? அவனிடம் என்ன கேட்டீர்கள்? வலிக்கிறதா என்று கேட்டீர்களா? என்ன சொன்னான்?

தம்பி

---

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நான் நடமாடுகிறேன். உன் நலத்துக்குப் போன் வராமல் இருப்பதே போதும்.

எல்லாவற்றையும் எழுது என்றாய்.

டாக்டர் தன் விடுமுறையில், பஸ் ஏறி, தொப்பியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, ஒற்றை அறையைப் பார்த்தாள். "சார், போன தடவை உங்கள வேற வீட்டுக்குள்ள அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்று அவனிடம் சொன்னாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் வரிசையை என்னையே சொல்லச் சொன்னாள். அடித்தட்டு வை அண்ணா. குழாயை நிறுத்து. கிளாம்ப் மாட்டு. போதும், ஓய்வெடு. முதலில் ஒன்றுமில்லை. மறுபடி சொன்னேன். அப்புறம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் கட்டு என்றால் கோடு மாறுகிறது, ஓய்வெடு என்றால் அடங்குகிறது. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாள். ஏறு அண்ணா, இன்னும் மேலே ஏறு, 'ஏத்து'ன்னு குரல் கொடு என்றேன். "இருக்காரும்மா, அவர் இருக்கார்!" என்று அவள் கத்திவிட்டாள். எனக்குக் கண் தெரியவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் தோன்றியது. வெளியே போகக்கூடத் தோன்றவில்லை. கட்டில் பக்கத்திலேயே நின்று நம்பரை அழுத்தினேன். உங்கள் கிளார்க் "யாரு செத்தா?" என்றான். "எங்க அண்ணன்" என்றேன். "என்னாச்சு?" என்றான். "செத்துட்டாருங்க" என்றேன். சத்தமாக. லைன் சரியில்லை என்பதால் இரண்டாவது தடவையும்.

அவன் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று சொன்னேன் தம்பி.

மறுநாள் டாக்டர் திரும்பத் தொப்பி மாட்டினாள். ஆமாம் என்றால் ஏறுங்கள், இல்லை என்றால் சும்மா இருங்கள் என்றாள். பக்கத்தில் நிற்பது உங்கள் தங்கையா என்று கேட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள். கோடு அசையவில்லை. அவள் இருந்த கடைசி நாள் வரை அசையவில்லை. களைத்திருப்பார், இது வந்து வந்து போகும், என்னவோ காய்ச்சல் மாதிரிகூட இருக்கிறது என்றாள். ஒருமுறை வந்ததை வைத்து எதுவும் எழுதிக் கொடுக்க முடியாதாம். எழுதிக் கொடுத்தாலும் இதற்கு மருந்து இல்லையாம். அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

உங்கள் ஆபீஸ் கொடுத்த சாவுச் செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. நலன் அதிகாரி மலர் வளையத்தோடு வந்தார். நம் வாசலில் அந்த வளையம் கதவை விடப் பெரிதாக இருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணன் கொட்டாவி விட்டான்.

நடந்ததைச் சொல்லி, திரும்ப வார்டில் சேருங்கள் என்று கேட்டேன். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "அன்னைக்கு மாடி வீடுன்னீங்க. போன மாசம் செத்துட்டாருன்னீங்க. இன்னைக்கு நினைவு இருக்குங்கறீங்க. எதம்மா நான் நம்பறது?" என்றார். கோபமாகக்கூட இல்லை. உன் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார், நான் இனிமேல் எதையும் கேட்காமல் இருந்தால். வளையத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

தொப்பி டாக்டர் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அன்றைக்கு ஏறு, இன்னும் மேலே ஏறு என்றேன். அவள் கத்தினாள், நான் போனை எடுத்தேன். போதும், ஓய்வெடு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் செய்துகொண்டே இருப்பார் என்று அவள்தானே முதல் நாள் சொன்னாள்? குழாய் மேல் குழாய் போட்டு, கீழே யாரும் இல்லாத சாரத்தில் அவன் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால்? அவன் 'ஏத்து' என்று குரல் கொடுத்தபோது, கீழேயிருந்து, செத்துட்டாருங்க என்று என் குரல்தானே போயிருக்கும்?

இப்போது தினமும் காலையில் பெரிய வீட்டுக்குக் கிளம்பும்முன் அவன் காதோடு குனிந்து சொல்கிறேன். போதும் அண்ணா. இறங்கு. மெதுவாக, ஒவ்வொரு பலகையாக. நான் கீழேதான் நிற்கிறேன்.

இறங்கிவிட்டானா என்று பார்க்கத் தொப்பி இல்லை.

பெல்ட் தரமாட்டார்கள் என்று தெரியும். கயிறாவது கட்டிக்கொண்டு ஏறு.

உன் அக்கா